ஜெபகுமாரியின் கல்யாண ஓலை

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை விசாரிக்க ஒரு கமிட்டி போடுவார்கள். எனக்குக் கமிட்டி என்றாலே போதும் போதும் என்றாகிவிட்டது. நாகர்கோவிலுக்கு மேற்கே புன்னைவிளை என்று ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மேட்டின் மேல் கல் கட்டடம், முன்னால் ஒரு மணி, பக்கத்தில் ஓர் ஆலயம், உள்ளே ஒரு பிரின்சிபால். இன்டர்மீடியட் வரைக்கும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சபையும் கல்லூரியும் அந்த ஒரே ஆலயத்தில்தான் ஆராதனைக்குக் கூடும்.

பிரின்சிபால் ஜெபசீலன் சார் ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஏதோ மாநாடு என்று அமெரிக்கா போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது ஒரு திட்டத்தோடு வந்தார். அங்கே கதை எழுதச் சொல்லிக்கொடுத்துப் பட்டமே தருகிறார்களாம். நம் கல்லூரியிலும் ‘ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும்’ என்று ஒரு பி.ஏ. தொடங்கப் போவதாகப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்து அறிவித்தார்.

“நம் நாட்டில் இன்று கதை எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் எந்த அனுமதியும் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதை இப்படியே விட முடியாது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாழாய்ப்போன கை!

என் பெயர் நேசபாய். அந்த வருஷம்தான் இன்டர்மீடியட் பாஸாகியிருந்தேன். அப்பா தங்கையன் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் மேஸ்திரி. திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் பி.ஏ. படிக்கலாம்; ஆனால் பெண்பிள்ளையை வழியில் உள்ள பாறசாலைக்கு அந்தப் பக்கம் விடுவதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார். என்ன காரணம் என்று கேட்டால், அந்தப் பக்கம் அவரும் போனதில்லை, அவ்வளவுதான்.

“நம்ம ஊருலயே பி.ஏ. வருகுன்னா படி மக்கா, நான் தடுக்கல்ல. வரல்லேன்னா கீரிப்பாறைக்காரப் பையன்தான். அவன் எத்தன மாசம் காத்துக் கெடப்பான்?” என்றார்.

கீரிப்பாறைக்காரப் பையன் செல்வதாஸ், ரப்பர் தோட்டத்தில் கிளார்க். தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. தங்கமாகவே இருக்கட்டும். எனக்குக் கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும். இதை வீட்டில் தமிழில்தான் சொன்னேன், ஒருவருக்கும் புரியவில்லை. ஆகவே அந்தப் பட்டப்படிப்பு வந்தால் நான் பிழைத்தேன், வராவிட்டால் கீரிப்பாறை.

பட்டப்படிப்புத் திட்டக் கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஜெபசீலன் சார். அடுத்தவர் எங்கள் சபைப் போதகர் ஐயா. மூன்றாமவர் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை, ஆற்றுப்பாசனத்தில் கண்ணுக்கெட்டிய வரை வயல் உள்ளவர், கல்லூரிக்கு இடம் கொடுத்தவர். இப்படி ஒரு படிப்புக்கு மாணவர் யாராவது இருக்கிறார்களா என்று திருவனந்தபுரத்து மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். அதற்காக என்னைப் பிடித்தார்கள். என் பதவியின் பெயர் ‘மாதிரி மாணவி’. ஒவ்வொரு கூட்டத்திலும் மூலையில் ஒரு ஸ்டூலில் நான் உட்கார வேண்டும். பேசக் கூடாது, ஆனால் தெரியும்படி இருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் பாடத்திட்டம். பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“நான் சொல்லுகத கேளும் சாரே. நெல்லாவட்டும் கதையாவட்டும், நாஞ்சில் நாட்டுல வருசத்துக்கு ரெண்டு பூவு வெளச்சல்தான். கன்னிப்பூவுக்குக் கவித, கும்பப்பூவுக்குக் கத. எடையில நெலத்தை ஆறப் போடணும். ஓயாம எழுதுனா பிள்ளியளுக்க தல உப்புப் பிடிச்சிப் போவும், பாத்துக்கிடும்.”

ஜெபசீலன் சார் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதியதும் அது நவீன கல்விமுறையாகிவிட்டது.

“வெளைஞ்சதுல பாதி கல்லூரிக்கு. நம்ம மண்ணுல நின்னுல்லா எழுதுகாவ? பாட்டம் அளக்காம கொண்டு போவ முடியுமா?” என்றார் பிள்ளை மறுபடியும். அதாவது, வயல் குத்தகையைப் போல, நான் ஒரு கதை எழுதினால் அதில் பாதிக்கதை கல்லூரிக்குச் சொந்தம். முன்பாதியா பின்பாதியா என்று போதகர் ஐயா கேட்டார். அதைப் பேசி முடிக்க இன்னொரு கூட்டம் ஆயிற்று. பின்பாதி என்று முடிவானது, ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் பிள்ளை மனம் விட்டுச் சொன்னார்: “என் ஆயுசுல நான் ஒரு கத வாசிச்சதில்ல சாரே. அதனாலதான் எனக்கு யாருக்க மேலயும் பட்சபாதம் கெடையாது.” மற்ற இரண்டு பேரும் மரியாதையோடு தலையாட்டினார்கள்.

இரண்டாவது, செய்முறைத் தேர்வு. ரசாயனத்துக்கு இருக்கிறது, தாவரவியலுக்கு இருக்கிறது, கதைக்கு இல்லாவிட்டால் கௌரவம் என்ன ஆவது? ஜெபசீலன் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினார். “ஆங்கில இலக்கியத்தில் பாதி பனி. பனியைக் காணாத பிள்ளை என்னத்தைப் படைக்கும்? இந்தப் பெண்ணைப் பாருங்கள், வெயிலைத் தவிர ஒன்றும் தெரியாத முகம்.” மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்டூலில் நேராக உட்கார்ந்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பாளம் பனிக்கட்டியை மரத்தூள் மூட்டையில் கட்டிக்கொண்டு வரப் பியூன் தாணப்பனை அனுப்பினார்கள். தாணப்பன் எல்லாரையும்விட வயதில் பெரியவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பஸ் தக்கலையில் பஞ்சராகி நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை அவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வந்து சேரும்போது தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். சித்திரை வெயில் வேறு. மூட்டையைப் பிரித்தால் ஈர மரத்தூள், நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. பிள்ளை அதை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“ருசி ஒண்ணும் இல்லியே!” என்றார்.

கண்டதை எழுது என்றார்கள். ‘ஆறுமுகப்பெருமாள் பிள்ளை அவர்கள் குளிர்காலத்தைத் தின்றுவிட்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஜெபசீலன் சார் வாசித்துவிட்டு, எனக்குக் கற்பனை போதாது என்றார்.

இப்படியே ஆனி போய் ஆடி வந்துவிட்டது. “ஒனக்க படிப்பு எப்பம் மக்கா வரும்?” என்று அப்பா தினமும் கேட்டார். கடைசியில் மேலிடத்துக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கதை வேண்டும் என்று கமிட்டி கேட்டது. அதை அனுப்பினால் அனுமதி வந்துவிடும், முதல் சீட் எனக்கு என்று ஜெபசீலன் சார் வாக்குக் கொடுத்தார். அப்பாடா என்று வீட்டுக்கு ஓடிப் போய் ராப்பகலாக எழுதினேன்.

கதை சின்னதுதான். ஜெபகுமாரி என்று ஒரு பெண். அவளைக் கேட்காமலே குளச்சலில் வலைக்கடை வைத்திருக்கும் சிலுவை என்பவனுக்கு நிச்சயம் செய்துவிடுகிறார்கள். ஆலயத்தில் ஓலை வாசிக்கிறார்கள். ஓலை என்றால் எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று போதகர் மூன்று ஞாயிறு கேட்பார். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என் கதையில் ஜெபகுமாரி தானே எழுந்து நின்று, எனக்கு வேண்டாம் என்று சொல்கிறாள். கதை முடிந்தது.

வாசித்து முடித்ததும் போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓலை வாசித்ததாக எழுதியிருக்கிறாய். எந்த ஆலயத்தில் வாசித்தார்கள்?”

“நம்ம ஆலயம் மாதிரி ஒரு ஆலயம் ஐயா. கததானே.”

“நான் வாசிக்கவில்லையே! வாசிக்காத ஓலையை வாசித்ததாகச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில் கதைக்கு விலக்கு உண்டு என்று எங்காவது இருக்கிறதா? கற்பனையில் நடந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான், அம்மா. சபைக்குத் தெரியாமல் எவரும், இருக்கிறவர்களானாலும் இல்லாதவர்களானாலும், ஜோடி சேர நான் சம்மதிக்க மாட்டேன்.”

தீர்மானம் நிறைவேறியது: கதைக்குள் வரும் ஓலையை முறைப்படி ஆலயத்தில் வாசிக்க வேண்டும். எந்த ஓலைக்கும், அது எவருடையதானாலும், தடை வந்தால் கமிட்டி விசாரித்து முடிக்கிறவரை அந்தக் கல்யாணம் நிற்கும். முன்மொழிந்தவர் போதகர். வழிமொழிந்தவர் ஜெபசீலன் சார். அந்த ‘எவருடையதானாலும்’ என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னவர் பிள்ளை, வாய்க்கால் தகராறில் அப்படித்தான் எழுதுவார்களாம்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார். புன்னைவிளை ஜெபகுமாரிக்கும் குளச்சல் சிலுவைக்கும் விவாகம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏட்டி, ஜெபகுமாரி யாருக்க மவ?”

“கதையில வாறவ, சித்தி.”

“கதையா? நான் சந்தையில வச்சுப் பாத்தனே. நல்ல நெறம்.”

“நக என்ன போடுகாவளாம்?” என்று இன்னொருத்தி கேட்டாள். கேடு காலம், அம்மா உட்பட நாலு பேர் அந்த வாரமே கல்யாண வீட்டுக்குத் தேங்காய் எடுத்து வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு மாசிலாமணி மூப்பர் எழுந்தார். “தடை உண்டு. குளச்சல்ல சிலுவைக்குப் பெஞ்சாதியும் பிள்ளியளும் உண்டு. எனக்கு நெத்திலி தாறவனே அவன்தான்.” ஆலயம் முழுக்க ஐயோ என்றது. ஜெபகுமாரிக்காகச் சிலர் அழுதேவிட்டார்கள்.

கமிட்டி கூடியது. தாணப்பனைக் குளச்சலுக்கு விசாரிக்க அனுப்பியது. அவர் திரும்பி வந்து நின்றபடியே சொன்னார்:

“மீன் ஏலம் போடுகெடத்துல போய் ‘சிலுவை’ன்னு ஒரு விளி விளிச்சேன். கடப்புறத்துல பாதிப் பேரு திரும்பிப் பாத்தாவ. ஒவ்வொருத்தனையா கேட்டேன், ஜெபகுமாரியத் தெரியுமான்னு. ஒருத்தனுக்கும் தெரியல்ல. ஒருத்தனுக்க பெஞ்சாதி மட்டும் யாருடே அந்த ஜெபகுமாரின்னு கேட்டு எனக்க சட்டையப் பிடிச்சா.” கிழிந்த காலரைத் தூக்கிக் காட்டினார்.

கமிட்டி அந்தக் காலரையும் பரிசீலித்தது. பிறகு ஜெபகுமாரியின் சாதி, சபை, வயது, தாய்வழி, தந்தைவழி எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு, இரண்டு கூட்டம் பேசி, மாசிலாமணி மூப்பரின் சிலுவை வேறு, கதையின் சிலுவை வேறு என்று கண்டுபிடித்தது. ஜெபசீலன் சார் தீர்ப்பு வாசித்தார்.

“இரு தரப்பிலும் தடை ஏதும் இல்லை. ஆகவே கல்யாணம் நடந்தாக வேண்டும். நேசபாய், கதையின் முடிவை மாற்று.”

“அவளுக்கு வேண்டாமே சார்.” ஸ்டூலில் இருந்துகொண்டு நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“விசாரணையில் அப்படி ஒரு தடை வரவில்லையே! மூன்று பெரியவர்கள் விசாரித்திருக்கிறோம். இன்னொன்று. ஒரு பெண் ஆலயத்தில் எழுந்து நின்று தன் ஓலையைத் தானே தடுப்பது நம்பும்படியாக இல்லை. இலக்கியத்தின் முதல் விதி நம்பகம். நம் ராஜ்யத்தில் இதுவரை எந்தப் பெண்ணாவது செய்திருக்கிறாளா?”

“இல்ல சார்.”

“பிறகு? கல்யாணத்தில் முடி. இரண்டு வரிதான். எழுதினால் சீட்.”

“எழுதீரு பிள்ளே” என்று பிள்ளை ஆதரவாகச் சொன்னார். “பின்பாதி எப்பிடியும் கல்லூரிக்குத்தானே. ஒனக்கு அதுல என்ன நட்டம்?”

இரண்டு வரிதான். சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவைக் கையில் எடுத்தேன். அந்தச் சீட்டுக்காக நாலு மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு ஒடிந்திருந்தேன். ஆனால் ஜெபகுமாரியைப் பற்றி ஊரே விசாரித்தாயிற்று, காலர் கிழியும் அளவுக்கு விசாரித்தாயிற்று. அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அவளைக் கைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பேனாவை மூடிவிட்டு, “மாத்த மாட்டேன் சார்” என்றேன்.

மாதிரி கெட்டுவிட்டது என்று தீர்மானம் போட்டு என்னை நீக்கினார்கள். வேறு நல்ல மாதிரி கிடைக்கிறவரை பட்டப்படிப்பை ஒத்திவைத்தார்கள். ஸ்டூலை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அப்பா அன்றைக்கே கீரிப்பாறை பஸ் ஏறிவிட்டார். நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. “எல்லாப் பெட்டப்பிள்ளியளும் இதத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு நாள் குறித்தார். அம்மா ஞானபாய் ஜெபகுமாரிக்கு எடுத்து வைத்த தேங்காய்களை எனக்கென்று மாற்றி வைத்தாள்.

அந்த ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. செல்வதாஸ் ஆண்கள் பக்கம் புதுச் சட்டையில். முன்வரிசையில் ஜெபசீலன் சார் டையோடு. போதகர் ஐயா ஓலையை விரித்தார். புன்னைவிளை தங்கையன் மகள் நேசபாய்க்கும் கீரிப்பாறை செல்வதாஸுக்கும் விவாகம். யாதொரு தடையாவது உண்டென்று அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும். கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

“தடை உண்டு ஐயா.”

“உட்கார் அம்மா. மணப்பெண் தடை சொல்ல முடியாது.”

“எவருடைய ஓலையானாலும் தடை வந்தா விசாரிக்கணும்னு தீர்மானம் போட்டியளே ஐயா. நானும் அங்க ஸ்டூல்லதான் இருந்தேன். இல்லாத ஒரு ஜெபகுமாரிக்குக் குளச்சல் வரை ஆளு விட்டு விசாரிச்சிய. தாணப்பண்ணாச்சிக்க சட்ட கிழிஞ்சுது. நான் இருக்கேன். இந்தா, முன்னால நிக்கேன். எனக்க பக்கத்துல வந்து ஒருத்தராவது கேட்டியளா?”

“ஏட்டி, இரி!” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா பல்லைக் கடித்தார்.

அப்போது என் பக்கத்தில் பாய் அசைந்தது. அம்மா எழுந்து சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

“எனக்கும் தடை உண்டு ஐயா. எனக்க ஓலைக்கு.”

“உனக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாயிற்றே ஞானபாய்!” என்று போதகர் பதறினார்.

“ஆமா. அண்ணைக்கும் என்ட்ட ஒருத்தரும் கேக்கல்ல. பிந்திப்போச்சு, அதுக்கென்ன? எழுதிக்கிடுங்க.”

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு சந்தையில் ஜெபகுமாரியைப் பார்த்த சித்தி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மாசிலாமணி மூப்பரின் மனைவி எழுந்தபோது மூப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்வதாஸ் மட்டும் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினான். தங்கமான பையன்தான், அதை இப்போது நானும் சொல்கிறேன்.

போதகர் ஐயா உதவிக்கு முன்வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“ஜெபசீலன் சார், இப்பம் நம்பும்படியா இருக்கா?”

சார் டையைத் தளர்த்தினார். தீர்மானம் அவர் வழிமொழிந்தது. வேறு வழியில்லாமல், “விவகாரம் கமிட்டிக்கு அனுப்பப்படுகிறது” என்றார். அவ்வளவுதான்! எங்கள் கமிட்டிக்குப் போன காரியம் எப்போது திரும்பி வரும் என்று ஆலயத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தீர்மானப்படி என் கல்யாணம் நின்றது. தீர்மானப்படி அம்மாவின் கல்யாணமும் நின்றது. அப்பா சத்தம் போட்டபோதெல்லாம், “விசாரண முடியட்டும், அப்பொறம் சத்தம் போடலாம்” என்று அம்மா சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அப்பா எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பார்? அடுத்த வருஷம் ஆனியில் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அப்பாதான். பாறசாலை வரை கூடவே வந்தார். அந்தப் பக்கம் ஒன்றும் பயப்படும்படியாக இல்லை என்று தெரிந்ததும் திருவனந்தபுரம் வரையே வந்துவிட்டார்.

பி.ஏ. முடித்துவிட்டு இந்தக் கார்த்திகையில் ஊருக்கு வந்தேன். அதற்குள் எங்கள் ஜில்லாவே ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்குப் போய்விட்டது. செல்வதாஸுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரட்டைப் பிள்ளைகள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே தாணப்பன் அண்ணாச்சி நிற்கிறார்; என் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“பிள்ளே, நல்லாருக்கியா? கமிட்டி கேக்கச் சொல்லிச்சு. ‘வேண்டாம்’ங்குகது காரணம் ஆவாதாம். தடைக்குச் செரியான காரணம் என்னன்னு ஒன் வாயால சொன்னா, வெசாரணைய முடிச்சு மேலிடத்துக்கு அனுப்பீருவாவளாம். இப்பம் மேலிடம் மெட்ராசாக்கும்.”

“படிப்பு வந்துட்டா அண்ணாச்சி, அந்தப் பி.ஏ.?”

“எங்க! அந்த ஸ்டூல்ல இருக்க ஒரு பிள்ளையும் வரமாட்டேங்கு.”

பெட்டியை அவர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன்.

“யோசிச்சுச் சொல்லுகேன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன்.